நீலம் போட்ட வேட்டியை நம்பி ஒயிட் பேலன்ஸ் எடுக்காதீர்கள்

"வெள்ளையா ஏதாச்சும் காட்டு தம்பி" என்று கேமராமேன் சொன்னதும், பக்கத்தில் நின்ற பெரியவரின் கசவு முண்டைக் காட்டி ஒயிட் பேலன்ஸ் (எது வெள்ளை என்று கேமராவுக்குச் சொல்லிக்கொடுப்பது) எடுத்தவன் நான். பாலக்காடு மாவட்டத்துக் கொழிஞ்சாம்பாறைப் பக்கம் ஒரு தோப்பு வீட்டில் நடந்தது. கசவு முண்டு சந்தன நிறம், அதைப் போய் வெள்ளை என்று சொன்னால் கேமரா அந்த மஞ்சளைக் கழித்துவிடும், மொத்தப் படமும் நீலம் பாய்ந்துபோகும். சொட்டு நீலம் போட்ட வேட்டி என்றால் நேர் எதிர், எல்லோருக்கும் மஞ்சள் காமாலை. பையில் ஒரு கிரே கார்டு, அதாவது எந்த நிறமும் கலக்காத சாம்பல் அட்டை, வையுங்கள். அதை நடிகரின் முகம் இருக்கும் இடத்தில், அவர் மேல் விழும் வெளிச்சத்தைப் பார்த்தபடி பிடிக்க வேண்டும், உங்கள் நிழல் அதில் விழக்கூடாது.

தென்னை ஓலைக்குள் வடிந்து வரும் வெளிச்சத்தில் பச்சை ஏறியிருக்கும். அதற்குக் கெல்வினை (நீலம்-மஞ்சள் அளவு) திருகிப் பயனில்லை, டின்ட்டை (பச்சை-மெஜந்தா அளவு) மெஜந்தா பக்கம் கொஞ்சம் தள்ளுங்கள்.

"ரா (RAW) ஃபார்மட்டில்தானே எடுக்கிறோம், அப்புறம் மாற்றிக்கலாம்" என்பார்கள், சென்சார் பதிந்ததை அப்படியே சேமிக்கும் முறை அது. பாதி உண்மை. ரா ஃபார்மட்டில் ஒயிட் பேலன்ஸ் வெறும் குறிப்புதான், ஆனால் சென்சாருக்குள் எவ்வளவு நீலம் போனதோ அவ்வளவுதான் இருக்கும். சாதாரண பேயர் சென்சாரில் நான்கு பிக்சலுக்கு இரண்டு பச்சை, ஒன்று சிவப்பு, ஒன்று நீலம். 3200 கெல்வின் டங்ஸ்டன் (குண்டு பல்பு வகை) விளக்கில் நீலம் குறைவு என்பதால் பிறகு அந்தச் சேனலை மட்டும் தூக்கிவிட வேண்டியிருக்கும், கூடவே நாய்ஸும் (படத்தில் வரும் புள்ளி இரைச்சல்) ஏறி, நிழலெல்லாம் எறும்பு ஊர்வது போல் தெரியும். விளக்கைக் கூட்டுங்கள், இல்லை விளக்குக்கு நீல ஜெல் தாள் போடுங்கள். லென்ஸில் 80ஏ என்ற நீல ஃபில்டர் போட்டாலும் ஆகும், ஆனால் இரண்டு ஸ்டாப் தின்றுவிடும், நாலில் ஒரு பங்கு வெளிச்சம்தான் மிஞ்சும்.

இங்கேதான் சென்சார் மாற்றம் உதவுகிறது. 2007-இல் வந்த ரெட் நிறுவனத்தின் ரெட் ஒன் கேமராவில் இருந்த மிஸ்டீரியம் சென்சாருக்கு குண்டு பல்பு வெளிச்சம் ஆகவே ஆகாது. 2010-இல் அதே பாடிக்குள் எம்-எக்ஸ் சென்சார் மாட்டிக் கொடுத்தார்கள், ஐஎஸ்ஓ (வெளிச்சத்துக்கான உணர்திறன்) 320-இல் திணறிய கேமரா 800-க்குப் போனது. ஆகவே பழைய கேமராவை வாடகைக்கு எடுத்தாலும் விலைக்கு வாங்கினாலும் பாடியின் பெயரைக் கேட்டுவிட்டுத் திரும்பாதீர்கள், உள்ளே எந்தச் சென்சார் என்று கேளுங்கள்.

சென்சார் மாற்றினால் முதல் வேலை பிளாக் ஷேடிங், அதாவது வெளிச்சமே இல்லாதபோது சென்சார் தானாகக் கிளப்பும் புள்ளிகளை கேமரா அளந்து கழிப்பது. கேமராவை ஓடவிட்டு, வழக்கமான சூட்டுக்கு வந்ததும் லென்ஸ் மவுண்டை மூடிவிட்டு அதை ஓட்டுங்கள். பழைய சென்சாருக்குச் செய்த எல்யூடியை (LUT, நிறத்தை மாற்றிக் காட்டும் கோப்பு) அப்படியே ஏற்றாதீர்கள். மாற்றிய கேமராவும் மாற்றாததும் ஒரே செட்டில் இருந்தால் இரண்டிலும் 5600 கெல்வின் வைத்தாலும் நிறம் ஒத்துப்போகாது. ஒரே கார்டையும் ஒரே முகத்தையும் வெயிலில் ஒருமுறை, பல்பில் ஒருமுறை இரண்டிலும் எடுத்து படத்தின் நிறத்தைச் சரிசெய்யும் கலரிஸ்ட்டிடம் கொடுத்துவிடுங்கள். எந்தச் சென்சார், பிளாக் ஷேடிங் எந்தத் தேதி என்று டேப்பில் எழுதி பாடியில் ஒட்டிவிட்டால் அடுத்து எடுத்துப்போகிற பையன் உங்களுக்கு போன் அடிக்கமாட்டான்.