கியர் பொக்ஸ் மாற்றிய பின் லொறி உதறினால் அம்புக்குறியைப் பாருங்கள்

நெல் ஏற்றும் எங்கள் லொறிக்கு வேறு கியர் பொக்ஸ் போட்டோம். அது பழையதைவிட நீளம் என்பதால், கட்டையான புரொப்பலர் சாஃப்ட் (கியர் பொக்ஸின் சுழற்சியைப் பின் அச்சுக்குக் கொண்டுபோகும் தண்டு) ஒன்றைப் பழைய சாமான் கடையில் வாங்கிப் பூட்டினோம். மாங்குளம் தாண்டி ஏ9 வீதியில் 50 கிலோமீற்றர் வேகம் வந்தாலே இருக்கைக்கு அடியில் உதறல். நியூட்ரலில் ஓடவிட்டாலும் நிற்கவில்லை. நிறுத்தி வைத்து எஞ்சினை முறுக்கினால் ஒன்றுமில்லை.

வீல் பலன்ஸ், மவுன்ற் றப்பர், புதுக் குரோஸ் ஜொயின்ற் (சாஃப்டின் முனைகளிலுள்ள சிலுவை வடிவ மூட்டு)... எதற்கும் அசையவில்லை.

சாஃப்டைக் கழற்றி மண்ணெண்ணெயில் கழுவியபோதுதான் பெயின்ற்றுக்கு அடியில் இரண்டு சின்ன அம்புக்குறிகள் தெரிந்தன. ஒன்று ஸ்பிளைன் (பல் வெட்டிய, வழுக்கிப் பொருந்தும் பகுதி) பக்கம், மற்றது குழாய்ப் பக்கம். இரண்டும் நேரில்லை, விற்றவர்கள் பூட்டும்போது பல் மாறியிருக்கிறது. சாய்வாகச் சுழலும் குரோஸ் ஜொயின்ற் ஒவ்வொரு சுற்றிலும் வேகத்தை இரு தடவை கூட்டிக் குறைக்கும். அதைப் பிடிக்கும் இரு முனைக் கவைகளும் ஒரே தளத்தில் நின்றால்தான் ஒன்றின் ஏற்றத்தாழ்வை மற்றது ஈடுசெய்யும்.

கவைகள் ஒரே தளத்தில் வரும்படி அம்புகளை நேராக்கிப் பூட்டினோம். அப்பாடா, 70இலும் உதறல் இல்லை! கழற்றும் முன் சென்ரர் பஞ்சால் (இரும்பில் புள்ளி குத்தும் கூரான கருவி) குறி போடுங்கள். சோக்குக் கோடு கிறீஸில் அழிந்துவிடும்.