சொந்த நிலத்திலுள்ள சிறிய மண் அணையைச் சோதித்துப் பாதுகாக்கும் முறை

சொந்த நிலத்தில் மண் அணை கட்டி நீர் தேக்கியிருப்பவர்களில் பலர், அணையைப் பார்க்கப் போனாலும் நீர் எவ்வளவு நிற்கிறது என்பதை மட்டும் பார்த்துவிட்டுத் திரும்பிவிடுகிறார்கள். ஆனால், அணைக்குள் நடக்கும் கேடு நீர்ப்பக்கத்தில் அவ்வளவாகத் தெரியாது. வெளிப்பக்கச் சரிவு தரையைத் தொடும் அடிவாரத்தில்தான் பெரும்பாலும் முதலில் தலைகாட்டும். எனவே சோதனையின் பெரும்பகுதி நேரத்தை அங்கேயே செலவிட வேண்டும்.

அணை சிறியது என்பதால் ஆபத்தும் சிறியது என்று இருந்துவிடக் கூடாது. ஒரு ஹெக்டேர் பரப்பும் கரையருகே 3 மீட்டர் ஆழமும் உள்ள தேக்கத்தில் ஏறத்தாழ 12,000 கன மீட்டர், அதாவது 1.2 கோடி லிட்டர் நீர் இருக்கக்கூடும். அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலத்தில், டொக்கோவா என்ற ஊருக்கு மேலே இருந்த கெல்லி பார்ன்ஸ் அணை தனியாருக்குச் சொந்தமானது. அதன் உயரம் ஏறத்தாழ 12 மீட்டர்தான். கனமழைக்குப் பின் 1977 நவம்பர் 6 அன்று, ஊர் உறங்கிக்கொண்டிருந்த நள்ளிரவுக்குப் பிந்தைய வேளையில் அது உடைந்ததில் 39 பேர் இறந்தார்கள்.

மண் அணை பெரும்பாலும் மூன்று வழிகளில் உடைகிறது. வெள்ளம் கரையின் உச்சியைத் தாண்டி வழிந்து வெளிச்சரிவை அரிப்பது ஒன்று. கரைக்குள்ளோ அதன் அடியிலோ கசியும் நீர் மண் துகள்களைத் தன்னோடு இழுத்துச் சென்று, உள்ளே குழாய்போல் ஒரு பாதையை உண்டாக்கிவிடும் உள்ளரிப்பு மற்றொன்று. முதல் இரண்டோடு ஒப்பிட்டால், சரிவு பெயர்ந்து விழுவதால் உடையும் அணைகள் குறைவு. கீழே சொல்லப்படும் வேலைகள் அனைத்தும் இம்மூன்றில் ஏதோ ஒன்றைத் தடுப்பதற்கானவை.

மாதம் ஒருமுறையேனும் அணை முழுவதையும் நடந்து பார்க்க வேண்டும். நீர்மட்டம் உயரும் காலத்தில் வாரந்தோறும், கனமழையின்போது நாள்தோறும் பார்ப்பது நல்லது. புதிதாகக் கட்டி முதன்முறை நீர் நிரப்பும்போது இன்னும் நெருக்கமான கவனம் தேவை. உள்ளரிப்பால் உடைந்த அணைகளில் பல, முதல் நிரப்பலின்போதோ அடுத்த சில ஆண்டுகளிலோதான் உடைந்திருக்கின்றன. கையில் ஒரு நோட்டு, அளவு நாடா, சில மரமுளைகள், ஒரு கண்ணாடிக் குடுவை, ஒளிப்படம் எடுக்கக் கைப்பேசி ஆகியவை இருந்தால் போதும். புல் உயரமாக வளர்ந்திருந்தால் அதை வெட்டிய பிறகே பார்க்க வேண்டும், ஏனெனில் முழங்கால் அளவுப் புல்லுக்குள் எதுவும் தெரியாது.

அடிவாரத்தை ஒரு முனையிலிருந்து மறுமுனைவரை மெதுவாக நடந்து, காலடியில் மண் மெத்தென்று அமிழ்கிறதா என்று கவனியுங்கள். மற்ற இடங்களில் புல் காய்ந்திருக்க, ஓரிடத்தில் மட்டும் பச்சைப்பசேலென்று இருந்தாலோ, கோரை முளைத்திருந்தாலோ, துருநிறப் படலம் தேங்கியிருந்தாலோ, அங்கே நீர் வெளிவருகிறது என்று கொள்ளலாம். கசிவு இருப்பது மட்டுமே அச்சத்துக்குக் காரணம் அல்ல; எல்லா மண் அணைகளும் ஓரளவு கசியும். அந்த நீர் தெளிவாக இருக்கிறதா, அதன் அளவு மாறுகிறதா என்பவையே முக்கியமான கேள்விகள். கசியும் நீரைக் கண்ணாடிக் குடுவையில் பிடித்து ஒரு மணி நேரம் அசையாமல் வையுங்கள். அடியில் மெல்லிய மண் படிந்தால், அந்த மண் கரையின் உள்ளிருந்து வந்திருக்கலாம். தெளிந்த நீர் கலங்கி வரத் தொடங்குவதைவிடத் தீவிரமான எச்சரிக்கை மண் அணையில் அரிது. அமெரிக்காவின் ஐடகோ மாநிலத்திலிருந்த டீட்டன் அணை மிகப் பெரியதுதான். ஆனால் அங்கே 1976 ஜூன் 5 காலை 7 மணியளவில் கலங்கிய கசிவு காணப்பட்டது, நண்பகல் 12 மணிக்குச் சற்று முன்னரே அணை உடைந்துவிட்டது.

கசிவைச் சிறு வாய்க்காலில் திரட்டி ஒரு குழாய் வழியே விழச் செய்தால், ஒரு வாளி நிரம்ப எத்தனை வினாடி ஆகிறது என்று அளக்கலாம். அந்த எண்ணோடு அன்றைய நீர்மட்டத்தையும், அண்மையில் பெய்த மழையையும் தேதியிட்டு எழுதிவையுங்கள். நீர்மட்டம் உயர்ந்ததால் கசிவு கூடினால் அது எதிர்பார்க்கக்கூடியதே. நீர்மட்டம் மாறாமல், மழையும் இல்லாமல் கசிவு மட்டும் கூடினால் பொறியாளரை உடனே அழைக்க வேண்டும். நினைவை நம்பி இந்த வேறுபாட்டைக் கண்டுபிடிக்க முடியாது.

கரையை ஊடுருவிச் செல்லும் மதகுக் குழாய்க்குத் தனிக் கவனம் வேண்டும். குழாயைச் சுற்றியுள்ள மண்ணைக் கட்டும்போது சரியாகத் திமிசு போட்டு இறுக்குவது கடினம் என்பதால், நீர் குழாயின் வெளிப்புறத்தை ஒட்டியே வழி தேடிக்கொள்ளும். குழாயின் வெளிவாயில், குழாய்க்குள்ளிருந்து அல்லாமல் அதன் பக்கவாட்டிலிருந்து நீர் வருகிறதா என்று குனிந்து பாருங்கள். குழாய் செல்லும் தடத்துக்கு மேலே கரையில் குழி விழுந்திருந்தால், துருப்பிடித்த குழாய்க்குள் மண் இறங்குகிறது என்று சந்தேகிக்க வேண்டும். அக்குழியை மண்போட்டு மூடுவதால் அடையாளம் மறையுமே தவிர, கேடு நிற்காது.

அடுத்து உச்சிக்கு ஏறுங்கள். இரு முனைகளுக்கிடையே கயிறு கட்டிப் பார்த்தால், வண்டித் தடத்தாலும் கால்நடை நடையாலும் தாழ்ந்துபோன இடம் தெரியும். வெள்ளம் முதலில் வழிவது அங்கேதான். கரையின் நீளவாக்கில் பிறைபோல் வளைந்து ஓடும் விரிசலும், அதற்கு நேர் கீழே சரிவில் புடைப்பும் இருந்தால், சரிவு பெயரத் தொடங்கியிருக்கலாம். கரையைக் குறுக்கே வெட்டும் விரிசலோ நீர் ஊடுருவ நேர்வழி ஆகிவிடும். விரிசலின் இருபுறமும் முளை அடித்து, இடைவெளியை அளந்து வாருங்கள். நீரை வேகமாக இறக்கினால் ஈரம் ஊறிய நீர்ப்பக்கச் சரிவு சரியக்கூடும். அவசரம் இல்லாதபோது நாளொன்றுக்கு 30 சென்டிமீட்டருக்கு மேல் மட்டத்தைக் குறைக்காதிருப்பது நல்லது.

கரையில் மரம் வளர விடக் கூடாது. நிழலுக்காக நட்டவர்களுக்கு இது வருத்தமாக இருக்கலாம், ஆனால் புயலில் வேரோடு சாயும் மரம் கரையின் ஒரு பகுதியையே பெயர்த்துவிடும். பட்ட மரத்தின் வேர் மட்கிய இடத்தில் நீருக்குப் பாதை கிடைக்கும். செடியாக இருக்கும்போதே பிடுங்குங்கள். பெரிய மரமாகிவிட்டால் நீர் நிறைந்திருக்கும்போது வேரைத் தோண்டாமல், பொறியாளரின் ஆலோசனையோடு நீர் இறங்கிய காலத்தில் அகற்றி, குழியை மெல்லிய அடுக்குகளாக மண்ணிட்டு இறுக்க வேண்டும். எலி, நண்டு முதலியவற்றின் வளைகளையும் கறையான் புற்றுகளையும் இதே கவனத்தோடு திறந்து நிரப்ப வேண்டும்.

உபரிநீர்ப் போக்கி ஆண்டு முழுவதும் வறண்டு கிடப்பதால்தான் அலட்சியத்துக்கு உள்ளாகிறது. மீன் தப்பாமலிருக்க வலை கட்டுவதும், கூடுதல் நீர் தேக்க மண்மூட்டை அடுக்குவதும் எவ்வளவு கேடானவை என்பதற்குப் பென்சில்வேனியாவின் சவுத் ஃபோர்க் அணை சாட்சி. ஒரு தனியார் மன்றத்துக்குச் சொந்தமான அந்த மண் அணையின் உச்சி, வண்டிகள் செல்வதற்காகத் தாழ்த்தப்பட்டிருந்தது. போக்கியில் மீன்தடுப்பு வலை இருந்தது. அடிமட்ட வெளியேற்றுக் குழாய்கள் முன்னரே அகற்றப்பட்டிருந்தன. 1889 மே 31 அன்று வெள்ளம் உச்சியைத் தாண்டி வழிந்து அணை உடைந்தது. ஜான்ஸ்டவுன் நகரும் அதைச் சுற்றிய ஊர்களும் 2,209 உயிர்களை இழந்தன. எனவே ஒவ்வொரு மழைக்காலத்துக்கு முன்பும் போக்கியின் முழு நீளத்தையும் நடந்து, புதர், சேறு, விழுந்த கிளை, வேலி ஆகியவற்றை அகற்றுங்கள். போக்கியின் தளத்துக்கும் கரையின் உச்சிக்கும் இடையே கட்டியபோது எவ்வளவு உயரம் விடப்பட்டிருந்ததோ, அது இன்றும் இருக்கிறதா என்று அளந்து பாருங்கள். அது குறைந்திருந்தால் கரையை உயர்த்தலாம்; போக்கியை ஒருபோதும் உயர்த்தக் கூடாது.

அடிவாரத்தில் மணலோடு நீர் கொப்பளித்து எழுந்தாலோ, கசிவு திடீரெனக் கலங்கிப் பெருகினாலோ, தேக்கத்தில் சுழி தெரிந்தாலோ, முதலில் செய்ய வேண்டியது கீழ்ப்புறம் வசிப்பவர்களுக்கும் அவசரப் பணிகளுக்கும் தகவல் சொல்லி, அங்குள்ளவர்களை மேட்டுக்கு அனுப்புவதே. அதன் பிறகே மதகை முழுவதும் திறந்து, பம்பு வைத்து, நீரைக் குறைக்கும் வேலை. கொப்பளிக்கும் இடத்தைக் களிமண்ணால் அடைக்காதீர்கள். அடைத்தால் அழுத்தம் கூடி நீர் வேறிடத்தில் பீறிடும். அதைச் சுற்றி மண்மூட்டைகளை வளையமாக அடுக்கி, நீர் தெளிந்து வரும் அளவுக்கு மட்டும் மட்டத்தை உயர விடலாம், அல்லது மணல், சரளை, கல் என்ற வரிசையில் மேலே பரப்பி, மண் வெளியேறாமல் நீர் மட்டும் வடியச் செய்யலாம். கரை பெயரத் தொடங்கிவிட்டால் இதற்கும் நேரம் இல்லை. எல்லாரும் அங்கிருந்து விலகிவிட வேண்டும். நீரை விடுவிக்கிறோம் என்று கரையை வெட்டுவது எந்த நிலையிலும் கூடாது. கீழ்ப்புற வீடுகளின் தொலைபேசி எண்களையும், வெள்ளம் செல்லக்கூடிய பாதையின் வரைபடத்தையும், மதகுச் சாவி இருக்கும் இடத்தையும் ஒரே தாளில் எழுதி, வீட்டிலும் மதகடியிலும் வைத்து, ஆண்டுக்கு ஒருமுறை அந்த எண்களை அழைத்துச் சரிபாருங்கள்.