கானாவின் கோகோப் புரதம்: அந்தச் சின்ன எண்ணை எப்படிப் படிப்பது

கானாவின் டெமா துறைமுகத்துக்குப் பக்கத்தில் ஒரு கோகோக் கிடங்கில் ஆறு வருஷம் கணக்கு எழுதினேன். சணல் சாக்கு, மூட்டைக்கு 62.5 கிலோ, பதினாறு மூட்டை சேர்ந்தால் ஒரு டன். இதைத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன். ஆனால் ஊட்டச்சத்து படிக்கும் அக்காள் மகள் போன மாதம் போனில், "சித்தி, கானாவுல ஒரு ஆள் கோகோவிலிருந்து ஒரு நாளைக்கு எவ்வளவு புரதம் சாப்பிடறார்? அம்பது வருஷப் போக்கு வேணும்" என்றபோது கொஞ்சம் விழித்தேன். கானாவிலிருந்து கோகோ கப்பல் கப்பலாகப் போவதைத்தான் நான் பார்த்திருக்கிறேன். சாப்பிட்டுப் பார்த்தது குறைவு. அவளுக்கு நான் சொல்லிக்கொடுத்த வழி இது.

முதலில் எண்ணை எடுக்கும் இடம். ஐ.நா.வின் உணவு வேளாண்மை அமைப்பு நடத்தும் ஃபாவ்ஸ்டாட் தளத்தில் 'ஃபுட் பேலன்சஸ்' என்ற பகுதி இருக்கிறது. நாடு கானா, பொருள் 'கோகோ பீன்ஸ் அண்ட் ப்ராடக்ட்ஸ்' (எண் 2633), அளவு 'ப்ரோட்டீன் சப்ளை', தலைக்கு நாளுக்கு கிராம் (எண் 674). இதோடு நிறுத்தாதே. உற்பத்தி, இறக்குமதி, ஏற்றுமதி, இருப்பு மாற்றம், உணவு, மக்கள்தொகை எல்லாவற்றையும் சேர்த்தே இறக்கிக்கொள். புரதத்தை மட்டும் இறக்கினால், கடைசிப் பக்கத்தைக் கிழித்துக்கொண்டு வந்து கதை கேட்பது மாதிரி.

ஏனென்றால் இது யாரும் வீடு வீடாகப் போய் அளந்த எண் இல்லை. விளைந்ததோடு வந்ததைக் கூட்டி, போனதைக் கழித்து, இருப்பைச் சரிக்கட்டி, ஆலைக்கும் வீணானதற்கும் விட்டது போக மிஞ்சியது 'உணவு'. அதை மக்கள்தொகையால் வகுத்து, சத்து அட்டவணையின் விகிதத்தால் பெருக்கினால் புரதம். அரிசிக்கு இந்த முறை ஓரளவு தேறும், விளைவதைப் பெரும்பாலும் அங்கேயே சாப்பிடுகிறார்கள். கோகோவில் ஏறக்குறைய எல்லாமே வெளியே போகிறது. பெரிய எண்ணிலிருந்து பெரிய எண்ணைக் கழித்து மிஞ்சும் சில்லறைதான் உன் கையில் இருப்பது.

நம்பாவிட்டால் கணக்குப் போடு. 2021 கணக்கெடுப்பில் கானாவின் மக்கள்தொகை 3.08 கோடி. பத்தாயிரம் டன் கோகோவை அவர்களுக்குப் பங்கிட்டால் தலைக்கு வருஷத்துக்கு 325 கிராம், நாளுக்கு 0.9 கிராம். அதில் புரதம் எட்டில் ஒரு பங்கு என்று வை: 0.11 கிராம். இனி பத்தாயிரம் டன் என்பது எவ்வளவு என்று பார். 2020/21 பருவத்தில் கானாவில் விளைந்தது பத்து லட்சம் டன்னுக்கும் மேல். அதில் ஒரு சதவீதம், அவ்வளவுதான். டிசம்பர் கடைசியில் கப்பல் ஏறவேண்டிய 1,60,000 மூட்டை ஜனவரிக்குத் தள்ளிப்போய், இருப்புக் கணக்கில் அது சரியாக ஏறாவிட்டால், கானாக்காரர் ஒவ்வொருவரும் திடீரென்று கூடுதலாகக் கோகோ தின்றதாகத் தாள் சொல்லும். அடுத்த வருஷம் பட்டினி கிடந்ததாகவும் சொல்லும்.

தள்ளிப்போவது அபூர்வம் என்று நினைக்காதே. அங்கே கோகோ வருஷம் நெடுங்காலம் அக்டோபரில்தான் தொடங்கியது, அண்மையில் அதற்கும் கொஞ்சம் முன்பே தொடங்குகிறது. முக்கிய அறுவடையின் நடுவில்தான் நாட்காட்டி வருஷம் முடிகிறது. டிசம்பர் 31 அன்று எங்கள் கிடங்கில் கூரை முட்ட அடுக்கியிருப்பார்கள், நடக்க வழி இருக்காது.

அதனால் ஒற்றை வருஷத்தை வைத்துப் பேசாதே. மூன்று வருஷச் சராசரி எடு, முடிந்தால் ஐந்து. எங்காவது எண் துள்ளினால் அந்த வருஷத்து இருப்பு மாற்றத்தைப் பார். அதற்குக் கூட்டல் குறியா கழித்தல் குறியா என்று குழம்பினால், ஒரு வரியை எடுத்து நீயே கூட்டிக் கழித்துப் பார், எது ஒத்துவருகிறதோ அதுதான்.

நான் மாட்டிக்கொண்ட இடம் வேறு. ஃபாவ்ஸ்டாட்டில் இரண்டு வரிசை உண்டு: 1961 முதல் 2013 வரை பழைய முறை, 2010 முதல் புதிய முறை. மக்கள்தொகை மதிப்பீடும் அதில் வேறு. இரண்டையும் ஒட்டுப்போட்டு, ஒட்டிய இடத்தில் வந்த படியை 'நுகர்வில் மாற்றம்' என்று அவளுக்கு விளக்கம் வேறு சொல்லிவிட்டேன். மறுநாள் நானே போன் செய்து அடித்துவிடச் சொன்னேன். 2010 முதல் 2013 வரை இரண்டு வரிசையிலும் எண் இருக்கிறது. பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்து, இடைவெளி பெரிதாக இருந்தால் வரைபடக் கோட்டை அந்த இடத்தில் முறித்துவிடு.

உற்பத்திப் போக்கைப் புரதப் போக்கு என்று எழுதவும் கூடாது. 1983இல் வறட்சியும் காட்டுத்தீயும் தோட்டங்களைத் தின்றன. 1983/84இல் கானாவின் விளைச்சல் ஒன்றரை லட்சம் டன்னை ஒட்டி விழுந்தது. 2023/24இலும் ஐந்தரை லட்சத்துக்குக் கீழே. இந்தச் சரிவுகளில் அடிபட்டது ஏற்றுமதியும் விவசாயியும். தட்டில் அதிகம் இருந்ததே இல்லை, குறைவதற்கு.

இனி விகிதம். ஆலையில் கொட்டையை அரைத்து அழுத்தினால் ஒரு பக்கம் வெண்ணெய், மறுபக்கம் பிண்ணாக்கு. புரதம் முழுக்கப் பிண்ணாக்கில் தங்கிவிடும், அதைப் பொடித்தால் கோகோ தூள். வெண்ணெயில் புரதம் இல்லை என்றே சொல்லலாம். ஆனால் கணக்கு எல்லாவற்றையும் கொட்டையாக மாற்றித்தான் எழுதும். சர்வதேச கோகோ அமைப்பின் பெருக்கு எண்கள்படி ஒரு டன் வெண்ணெய் 1.33 டன் கொட்டை, ஒரு டன் தூள் 1.18 டன். வெண்ணெய் கப்பல் ஏறினால் தாளில் புரதமும் கூடவே ஏறிவிடும்.

இன்னொரு ஓட்டை: ஆய்வகத்தில் பொதுவாக நைட்ரஜனை அளந்து 6.25ஆல் பெருக்கிப் புரதம் என்கிறார்கள். கோகோவில் தியோபுரோமின் இருக்கிறது, காஃபீனுக்கு உறவான பொருள், புரதம் இல்லை, ஆனால் அதன் எடையில் 31 சதவீதம் நைட்ரஜன். 100 கிராம் தூளில் 2 கிராம் தியோபுரோமின் இருந்தால், கழிக்க மறந்த ஆய்வகம் சுமார் 4 கிராம் பொய்ப் புரதம் காட்டும், மொத்தமே இருபதை ஒட்டித்தான். இருக்கிற புரதமும் எளிதில் செரிப்பதில்லை. உன் அட்டவணை கழித்ததா என்று பார்த்து, அடிக்குறிப்பில் ஒரு வரி எழுது.

வரைபடத்தில் கோகோவுக்குப் பக்கத்தில் மொத்தப் புரதத்தையும் அதே அளவுகோலில் போடு. கோகோ தரையோடு ஒட்டிக் கிடக்கும், கிடக்கட்டும். 0.1 கிராம் 0.2 ஆனதை 'நூறு சதவீத வளர்ச்சி' என்று தலைப்பிடும் ஆசை வரும். வேண்டாம் கண்ணே.

"அப்போ அங்க யாருமே கோகோ குடிக்கலையா சித்தி?" என்றாள். குடிக்கிறார்கள். டெமாவில் காலையில் சாலையோரப் பெஞ்சில் 'டீ' கேட்டால் டீத்தூள்தான் வரும் என்று இல்லை, சூடாகக் குடிப்பதெல்லாம் அங்கே டீதான். கோகோ கலந்த மால்ட் பானமான மைலோவும் டீ. பெரிய குவளையில் இரண்டு கரண்டி போட்டு வெந்நீர் ஊற்றி, டின் பாலைத் துளையிட்டு வெள்ளைக் கோடாக இறக்கி, சர்க்கரை அள்ளிப் போட்டு, வெண்ணெய் தடவிய தடித்த ரொட்டியோடு தருவார்கள். அந்தக் குவளையின் புரதம் வேண்டுமென்றால் கோகோ வரிசையை மூடிவிட்டு, 'மில்க் எக்ஸ்க்ளூடிங் பட்டர்', எண் 2848, அதை இறக்கு.