ஜிம்முக்குப் போகக் கூச்சமா? நான் ஆரம்பித்த விதம், படிப்படியாக

"உடம்பைக் கொஞ்சம் குறைத்துக்கொண்டு அப்புறம் ஜிம்மில் சேரலாம்" என்று நானும் நெடுநாள் சொல்லிக்கொண்டிருந்தேன். பெங்களூர் அல்சூரில் எங்கள் வீட்டிலிருந்து கூப்பிடு தூரத்தில், ஒரு கடை மாடியில் ஜிம் இருக்கிறது. உள்ளே போனால் எல்லோரும் என்னையே பார்ப்பார்கள், 'இவளுக்கு எதற்கு இதெல்லாம்' என்று நினைப்பார்கள் என்ற பயம் விடவில்லை. இப்போது அதே ஜிம்முக்குத்தான் தொடர்ந்து போகிறேன். தைரியம் வந்த பிறகு போகலாம் என்று காத்திருந்தால் அது வரவே வராது. சின்னச் சின்னதாகச் செய்து முடிக்க முடிக்கத்தான் வருகிறது. டவல், தண்ணீர் பாட்டில், ஷூ எல்லாம் உங்களுக்கே தெரியும், அதற்குள் போகவில்லை.

படி 1: வெளியில் நடங்கள்

பத்து நிமிடம் போதும். நான் ஏரிக்கரையில் நடந்தேன். உங்கள் வீட்டுப் பக்கத்துப் பூங்காவும் சரிதான். நடக்கும்போது பேச முடியவேண்டும், பாட்டுப் பாட மூச்சு போதக்கூடாது. அதுதான் சரியான வேகம். வாரத்துக்கு 150 நிமிடமாவது மிதமான உடற்பயிற்சி வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனத்தின் 2020 வழிகாட்டி. மலைக்காதீர்கள். ஒன்றுமே செய்யாததற்குக் கொஞ்சம் செய்வது மேல் என்றும் அதே வழிகாட்டி சொல்கிறது.

நடந்த நாளில் காலண்டரில் ஒரு டிக் போடுங்கள். காலடி எண்ணும் கைக்கடிகாரத்தை நான் சிபாரிசு செய்யமாட்டேன். இன்னும் எவ்வளவு பாக்கி என்றுதான் அது காட்டும். சமையலறைக் காலண்டர், முடித்ததைக் காட்டும். 'என்னால் முடியும்' என்ற நம்பிக்கைக்குப் பெரிய ஆதாரம், தானே செய்து முடித்த காரியம்தான். பிறர் தரும் ஊக்கம் அதற்கு அப்புறம் என்று உளவியலாளர் ஆல்பர்ட் பண்டூரா 1977-லேயே எழுதியிருக்கிறார்.

படி 2: ஒரு மாதத்துக்கு மட்டும் பணம் கட்டுங்கள்

வருஷத்துக்குக் கட்டினால் தள்ளுபடி என்பார்கள். வேண்டாம். நீங்கள் போகப்போகும் அதே நேரத்தில் ஒருமுறை போய்ப் பாருங்கள். சாயங்காலம் ஆபீஸ் விட்டதும் கூட்டம் நெரியும், திங்கட்கிழமை இன்னும் மோசம். பெண்களுக்குத் தனி நேரம் உண்டா என்றும் கேளுங்கள்.

சேரும் அன்றே சில இடங்களில் எடை மெஷினில் ஏற்றி, கொழுப்பு எத்தனை சதவீதம் என்று உரக்கப் படிப்பார்கள். "இன்றைக்கு எடை வேண்டாம், மூட்டுவலி, பிரஷர் ஏதாவது இருந்தால் நானே சொல்கிறேன்" என்று சொல்லலாம். யாரும் கட்டாயப்படுத்த முடியாது.

படி 3: மூன்று மெஷின், இருபது நிமிடம்

என்னைத் தடுத்து நிறுத்தியது இந்தப் படிதான். பலம் பற்றிய பயம் இல்லை, எங்கே போய் நிற்பது என்று தெரியாத பயம். நடுவில் கையைப் பிசைந்துகொண்டு நிற்கும்போதுதான் எல்லோரும் பார்ப்பதுபோல் தோன்றும். அதனால் என்ன செய்யப்போகிறோம் என்பதை முன்கூட்டியே முடிவு செய்துகொண்டு போங்கள்.

ட்ரெய்னரிடம் மூன்றே மூன்று மெஷின் காட்டச் சொல்லுங்கள்: காலுக்கு லெக் பிரஸ், முதுகுக்கு சீட்டட் ரோ, நெஞ்சுக்கு செஸ்ட் பிரஸ். அவர் காட்டும்போதே போனில் குறித்துக்கொள்ளுங்கள். என் குறிப்பு இப்படி இருக்கும்: 'லெக் பிரஸ், சீட் 4, பின் 3-வது தட்டில்.' பின் என்பது, எத்தனை தட்டு எடை தூக்குவது என்று முடிவு செய்யச் செருகும் சின்னக் கம்பி. சீட்டை நகர்த்தும் ஓட்டைக்கு அருகிலும் எடைத் தட்டிலும் பெரும்பாலும் எண் இருக்கும். அடுத்த நாள் நேராகப் போய், சீட்டைச் சரிசெய்து, பின்னைச் செருகி உட்கார்ந்துவிடலாம். முன்னால் செய்தவர் பத்தாவது தட்டில் பின்னை விட்டுப் போயிருப்பார், நீங்கள் மூன்றாவதுக்கு மாற்றுவீர்கள். பரவாயில்லை, அந்தப் பின் அதற்காகத்தான் இருக்கிறது. பத்துப் பன்னிரண்டு முறை செய்த பிறகும் இன்னும் இரண்டு மூன்று முடியும் என்று தோன்றினால், அதுதான் உங்கள் எடை.

மெஷினில் ஆள் இருந்தால் "இன்னு எஷ்டு செட் இதெ, அண்ணா?" (இன்னும் எத்தனை செட், அதாவது எத்தனை சுற்று பாக்கி?) என்று கன்னடத்தில் கேளுங்கள். நம் ஊர்க்காரர் என்று தெரிந்தால் தமிழிலேயே கேட்கலாம். இருபது நிமிடம் ஆனதும் கிளம்பிவிடுங்கள்.

எல்லோரும் பார்க்கிறார்களே என்பவர்களுக்கு: தாமஸ் கிலோவிச்சும் சகாக்களும் 2000-ல் வெளியிட்ட ஆய்வில், மாணவர்களைச் சங்கடமான படம் போட்ட டிஷர்ட்டோடு ஓர் அறைக்குள் அனுப்பினார்கள். பாதிப்பேர் கவனித்திருப்பார்கள் என்று போட்டவர்கள் நினைத்தார்கள். உண்மையில் கவனித்தது கிட்டத்தட்ட கால்வாசிப்பேர்தான்.

ஒரு எச்சரிக்கை. வெறும் கம்பிதானே என்று பெரிய பார்பெல்லைத் தூக்காதீர்கள், அதுவே 20 கிலோ. டம்பெல்லில் ஆரம்பியுங்கள்.

பிறகு சேர்த்தது

கேட்காமலே யாராவது வந்து புத்தி சொன்னால் என்ன செய்வது என்று சிலர் கேட்டார்கள். "சரி அண்ணா, ட்ரெய்னர் சொன்னபடி செய்கிறேன்" என்று சொல்லி மெஷினைத் தொடருங்கள். ஆனால் உற்றுப் பார்ப்பது, கேட்காமல் தொடுவது என்றால் பொறுத்துக்கொள்ளாதீர்கள். மேனேஜரிடம் சொல்லுங்கள், கேட்கவில்லையென்றால் ஜிம்மை மாற்றுங்கள். ஒரு மாதத்துக்கு மட்டும் கட்டச் சொன்னதற்கு இதுவும் காரணம்.

மறுநாள் படி இறங்கவே வலிக்கிறது என்றார் ஒரு தோழி. புதிதாகச் செய்த தசை ஓரிரு நாள் வலிக்கும், தானே போய்விடும். மூட்டில் சுருக்கென்று குத்தினாலோ, நெஞ்சு வலித்தாலோ, தலை சுற்றினாலோ உடனே நிறுத்தி டாக்டரைப் பாருங்கள்.

ஜிம்முக்கு வெளியிலும், எப்போதும் 'நான் எதற்கும் லாயக்கில்லை' என்ற எண்ணம் விடாமல் துரத்தினால் உடற்பயிற்சி மட்டும் போதாது. மனநல ஆலோசனைக்கான தொலைபேசி சேவை டெலி மானஸ், எண் 14416. மத்திய அரசு 2022 அக்டோபரில் தொடங்கிய இலவச சேவை, நம் பெங்களூர் மனநல மருத்துவமனையான நிமான்ஸ்தான் அதற்குத் தலைமை மையம். தமிழிலும் பேசலாம்.

படி 4: இடையில் விட்டுப்போனால்

பொங்கலுக்கு ஊருக்குப் போய் இரண்டு வாரம் கழித்து வந்தால் முதல் நாள் கூச்சம் அப்படியே திரும்பி வரும். அன்று புதிதாக எதுவும் வேண்டாம். போன் குறிப்பைத் திறந்து, ஒரு தட்டு குறைத்து, அதே மூன்று மெஷினைச் செய்துவிட்டு வீட்டுக்கு வாருங்கள்.