ஊரில் வேலையில்லாதவர் எத்தனை பேர்? கணக்கெடுக்கும் முறை

“வேலை இருக்கா?” என்று வீடு வீடாகக் கேட்டால் கணக்கு தப்பாகத்தான் வரும். 2017 ஏப்ரலில் இந்திய அரசு தொடங்கிய காலமுறைத் தொழிலாளர் கணக்கெடுப்பு கடந்த 7 நாளில் என்ன செய்தார் என்று கேட்கிறது. ஏதாவது ஒரு நாளில் 1 மணி நேரம் வேலை செய்திருந்தாலும் அவர் வேலையில் இருப்பவர். அதுகூட இல்லை, ஆனால் தேடினார் அல்லது கிடைத்தால் செய்யத் தயாராக இருந்தார் என்றால் வேலையற்றவர். இரண்டிலும் சேராத மாணவரும் ஓய்வூதியரும் கணக்குக்கு வெளியே.

15 வயது நிறைந்த ஒவ்வொருவரையும் தனித்தனியாகக் கேளுங்கள். கணவரை மட்டும் கேட்டால், மனைவியைப் பற்றி “அவ வீட்லதான் இருக்கா” என்பார். அந்த அம்மாவோ விடியுமுன் இரண்டு மாட்டில் பால் கறந்து சொசைட்டியில் ஊற்றிவிட்டு வந்திருப்பார். “மாட்டை யார் பார்க்கிறது? பால் யார் ஊத்துறது?” என்று துருவினால்தான் வெளிவரும். கூலி வாங்காமல் குடும்பத் தொழிலில் உழைப்பவரும் வேலையில் இருப்பவரே.

அடுத்து வகுத்தல். பலர் சறுக்குவது இங்கேதான்: மொத்த ஆட்களால் வகுக்கக் கூடாது. 500 பேரில் 285 பேர் வேலையில், 15 பேர் வேலையற்றவர் என்றால் இரண்டும் சேர்ந்த உழைப்புப் படை 300. வேலையின்மை விகிதம் 15/300, அதாவது 5%. அந்த 15 பேரில் 9 பேர் அலுத்துப்போய்த் தேடுவதையே விட்டு, கிடைத்தாலும் வேண்டாம் என்று ஒதுங்கிவிட்டால் 6/291, சுமார் 2.1%. ஒருவருக்கும் வேலை கிடைக்கவில்லை, விகிதம் மட்டும் பாதிக்குக் கீழே போய்விட்டது! அதனால் உழைப்புப் படையின் பங்கையும் (60%, பிறகு 58.2%) பக்கத்திலேயே எழுதுங்கள்.

எந்தக் கால அளவு என்பதையும் குறியுங்கள். அதே அரசுக் கணக்கெடுப்பில் 2023-24இல் இந்தியாவின் வேலையின்மை விகிதம், கடந்த ஓராண்டு நிலையை வைத்துப் பார்த்தால் 3.2%, கடந்த 7 நாள் நிலையில் 4.9%. வேலைவாய்ப்பு அலுவலகப் பதிவை இதற்குப் பயன்படுத்தாதீர்கள். வேலையில் இருந்துகொண்டே அரசுப் பணிக்குப் பதிந்து வைத்திருப்பவர்களும் அதில் உண்டு.

வேலையின்மையின் பாதிப்பை அளக்க, கடைசி வேலை போய் எத்தனை மாதம், கடந்த 3 மாதத்தில் நகை அடகு, வட்டிக் கடன், வாடகை பாக்கி, பிள்ளையின் படிப்பு நின்றதா என்று கேளுங்கள். வேலை உள்ள வீடுகளிலும் இதே கேள்விகளைக் கேட்க வேண்டும். இல்லாவிட்டால் அடகு வைத்தது வேலை போனதாலா, கல்யாணச் செலவாலா என்று பிரித்துச் சொல்ல முடியாது.

நெல் ஊரில் அறுவடை வாரத்தில் ஒருமுறை, வேலை ஓய்ந்த மாதத்தில் ஒருமுறை என இரண்டு தடவை எடுங்கள்.