கழிமுகத்தில் உவர்ப்பை அளக்கும் முறை

வெள்ளாறு வங்கக் கடலில் கலக்கும் பரங்கிப்பேட்டைக் கழிமுகத்தில், உயர் ஓதத்தின்போது (கடல்நீர் ஏறி நிற்கும் வேளையில்) மொண்ட நீரும் ஆறு மணி நேரம் கழித்து அதே இடத்தில் மொண்ட நீரும் வெவ்வேறு உவர்ப்பைக் காட்டும். இரண்டுமே சரியான அளவீடுகள்தான். எனவே, ஓத நிலையும் ஆழமும் குறிக்கப்படாத உவர்ப்பு எண்ணால் யாருக்கும் பயனில்லை என்பதே என் உறுதியான கருத்து.

முதலில் நாள்களைத் தேர்ந்தெடுக்க வேண்டும். இக்கரையில் ஓதம் நாளொன்றுக்கு இருமுறை ஏறி இறங்குகிறது. ஒவ்வொரு நாளும் ஏறத்தாழ 50 நிமிடம் பிந்துகிறது. ஆகையால், திங்கட்கிழமைதோறும் காலை 8 மணிக்கு அளப்பவர் ஒரு வாரம் உயர் ஓதத்தையும் அடுத்த வாரம் ஏறக்குறைய தாழ் ஓதத்தையும் சந்தித்து, அந்த வேறுபாட்டை ஆற்றின் மாற்றமாக எண்ணி ஏமாறுவார். அமாவாசை, பௌர்ணமி நாள்களைப் பிடித்துக்கொண்டால் ஓதம் ஏறத்தாழ அதே கடிகார நேரத்தில் வரும். மீனவர்களுக்கு இது பழகிய கணக்கு. அந்நாள்களில் உயர் ஓதத்தில் ஒருமுறையும் தாழ் ஓதத்தில் ஒருமுறையும் அளப்பது நல்லது.

முகத்துவாரத்தில் ஒன்று, நடுவில் ஒன்று, நன்னீர் தொடங்கும் மேற்பகுதியில் ஒன்று என மூன்று இடங்களாவது வேண்டும். ஒவ்வோர் இடத்திலும் மேல்நீரையும் அடிநீரையும் தனித்தனியே எடுக்க வேண்டும். வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் எடை குறைந்த நன்னீர் மேலே ஓட, அடியில் கடல்நீர் ஆப்புப்போல் உள்ளே நுழைந்திருக்கும் என்பதால், படகிலிருந்து வாளியால் மொள்பவருக்கு அடியில் நடப்பது தெரியவே வராது. அடிநீர்ப் புட்டி இல்லையெனில், கனத்த கண்ணாடிப் புட்டியில் கல்லைக் கட்டி, தக்கையைத் தனிக் கயிற்றில் பிணைத்து இறக்கி, உரிய ஆழத்தில் தக்கையைச் சுண்டி இழுத்தால் உவர்ப்பை அளக்கப் போதுமான நீர் கிடைக்கும்.

நீரில் ஒளி வளையும் அளவைக் கொண்டு உவர்ப்பைக் காட்டும் ஒளிவிலகல்மானியில் இரண்டு சொட்டு நீர் போதும். அளக்கும் முன் நிழலில் வைத்து, காய்ச்சி வடித்த நீரால் சுழியைச் சரிபார்க்க வேண்டும். நீர் மின்சாரத்தைக் கடத்தும் திறனைக் கொண்டு உவர்ப்பைக் காட்டும் மின்கடத்துமானி இன்னும் நுட்பமானது. ஆனால், ஆற்று நீருக்கான, கடத்துதிறன் செ.மீ.க்கு 1413 மைக்ரோசீமென்ஸ் எனத் தெரிந்த கரைசலைக் கொண்டு மட்டும் அதைத் திருத்துவது போதாது, 12.88 மில்லிசீமென்ஸ் கரைசலும், கடல்நீரின் அளவான 50 மில்லிசீமென்ஸை ஒட்டிய கரைசலும் தேவை.

உவர்ப்போடு, நீரில் கரைந்த ஆக்சிஜனையும் அளப்பதானால், அதை விடியற்காலையில் அளக்க வேண்டும். இரவு முழுவதும் உயிரினங்கள் சுவாசித்து முடித்திருக்கும் அவ்வேளையில்தான் அது மிகக் குறைவாக இருக்கும். 30 பாகை வெப்பத்தில் நன்னீர் லிட்டருக்குச் சுமார் 7.5 மில்லிகிராம் ஆக்சிஜனைத் தாங்கும். கடல்நீர் ஏறத்தாழ 6.2 மட்டுமே தாங்கும். ஆகவே, ஆக்சிஜனை அளக்கும் கருவியில் அவ்விடத்து உவர்ப்பை உள்ளிட்ட பிறகே அளவைக் குறிக்க வேண்டும். கருவிக்குப் பதில் வேதிப்பொருள்களால் ஆக்சிஜனை அளக்கும் விங்க்லர் முறையைப் பின்பற்றுவோர், குமிழி புகாமல் புட்டியை நிரப்பி, மாங்கனீசு சல்பேட்டையும் காரங்கலந்த அயோடைடையும் படகிலேயே சேர்த்துவிட வேண்டும். கரைக்குக் கொண்டுவந்து சேர்ப்பது தாமதமாகிவிடும்.

கார அமிலத்தன்மை, வெப்பநிலை, நீரின் கலங்கல், காற்றின் திசை, முந்தைய நாள் மழை ஆகியவற்றையும் அதே பக்கத்தில் எழுத வேண்டும். வெள்ளாற்றின் மேற்பகுதியிலுள்ள சேத்தியாத்தோப்பு அணைக்கட்டில் நீர் திறந்துவிடப்பட்டால், அமாவாசைக்காகக் காத்திராமல் அன்றே தொடங்கி, அடிநீரின் உவர்ப்பு பழைய நிலைக்குத் திரும்பும்வரை நாள்தோறும் அளந்துவர வேண்டும்.