தருமபுரி மொட்டை மாடிக்கு ஒரு பிவிசி சூரியக் கடிகாரம்

சூரியக் கடிகாரம் என்றால் படுக்கை வாட்டில் ஒரு தட்டு, நடுவில் முக்கோணத் தகடு என்றுதான் பலரும் செய்யத் தொடங்குவார்கள். நம் ஊருக்கு அது சரிப்படாது. தருமபுரியின் அட்சரேகை சுமார் 12.1°. அந்தத் தட்டில் 11 மணிக் கோட்டுக்கும் 12 மணிக் கோட்டுக்கும் இடைவெளி வெறும் 3.2°; மாலை 5-க்கும் 6-க்கும் நடுவிலோ 52°. நெடுக்காகப் பிளந்த குழாயில் எல்லா மணிக்கும் சம இடைவெளி.

தேவை: உள்விட்டம் 15 செ.மீ. வரும் பிவிசி குழாய் 25 செ.மீ., சைக்கிள் ஸ்போக்ஸ் ஒன்று, இரண்டு மரச்சட்டங்கள், ரசமட்டம், ஹாக்சா பிளேடு.

1. குழாயைச் சரிபாதியாகப் பிளக்கவும். காகிதத்தை ஒரு சுற்றுச் சுற்றி, எடுத்து, இரண்டாக மடித்தால் வெட்டுக்கோடு கிடைத்துவிடும்.

2. பாதிக் குழாயின் உட்புறம் விளிம்பு முதல் விளிம்பு வரை பொருந்தும்படி காகிதப் பட்டை வெட்டி, 12 சம பாகமாக மடிக்கவும். ஒரு பாகம் ஒரு மணி, அதாவது 15°. மடிப்புகளைப் பார்த்து மார்க்கரால் குழாய் நெடுகக் கோடு போடவும்.

3. இரு முனைகளிலும் குறுக்கே சட்டம் ஒட்டவும்; மேல்பக்கம் குழாய் விளிம்போடு ஒரே மட்டம். நடுவே 1 மி.மீ. பள்ளம் வெட்டி ஸ்போக்ஸை அதில் பாதி தடிமன் புதையும்படி வைக்கவும். நூல் கட்டாதீர்கள். சூரியன் ஒரு புள்ளியல்ல, அரை டிகிரி அகலம். மெல்லிய நூலின் நிழல் குழாய்க்கு வருவதற்குள் கரைந்துவிடும்.

4. வடக்கு பார்க்க காம்பஸ் வேண்டாம். தளத்துக் கம்பிகள் அதை இழுக்கும். 30 செ.மீ. குச்சியைச் செங்குத்தாக நட்டு, அதைச் சுற்றி 30 செ.மீ. ஆரத்தில் வட்டம் வரையவும். நிழலின் நுனி வட்டத்தைக் காலையில் ஒருமுறை, பிற்பகலில் ஒருமுறை தொடும். அவ்விரு புள்ளிகளை இணைத்தால் கிழக்கு மேற்கு. அதற்குச் செங்குத்துக் கோடு வடக்கு தெற்கு.

5. குழாயை வடக்கு தெற்காக வைத்து, சாய்வு நம் அட்சரேகைக்குச் சமமாக வரும்படி வடமுனையை 5.3 செ.மீ. உயர்த்தவும். கிருஷ்ணகிரியில் 5.4. ரசமட்டத்தைக் குறுக்கே வைத்துப் பாருங்கள். இதில்தான் கவனம் முழுக்க வேண்டும்: 1° சாய்ந்தால் ஏறக்குறைய 4 நிமிடம் போச்சு. வடக்கு 1° பிசகினால் அவ்வளவு கெடாது.

6. எண்கள். மேற்கு விளிம்பில் காலை 6.17, அடிக்கோட்டில் 12.17, கிழக்கு விளிம்பில் மாலை 6.17. இந்திய நேரம் 82.5° தீர்க்கரேகைக்கு உரியது. நாம் சுமார் 78.2°-இல் இருக்கிறோம். டிகிரிக்கு 4 நிமிடம் வீதம் 17 நிமிடம் வந்துவிடுகிறது.

அப்படியும் வருடம் முழுக்க ஒத்துப்போகாது. பூமியின் பாதை நீள்வட்டம், அச்சும் சாய்வு. பிப்ரவரி நடுவில் நிழல் காட்டுவதோடு 14 நிமிடம் கூட்டவும். மே நடுவில் 4 கழிக்கவும். ஜூலைக் கடைசியில் 6 கூட்டவும். நவம்பர் தொடக்கத்தில் 16 கழிக்கவும். ஏப்ரல் 15, ஜூன் 13, செப்டம்பர் 1, டிசம்பர் 25 வாக்கில் திருத்தமே வேண்டாம். செல்போன் நேரத்தோடு ஒப்பிட்டுச் சரிபார்க்க இந்த நாள்களே தோது.

நாள் முழுக்க ஒரே அளவு பிசகினால் குறுக்கு மட்டம் தவறு. நடுப்பகல் சரியாக இருந்து, காலையும் மாலையும் எதிரெதிராகப் பிசகினால் ஸ்போக்ஸ் உயரம் தவறு. நடுப்பகலில் மட்டும் அதிகமாகப் பிசகினால் ஸ்போக்ஸ் பக்கவாட்டில் நகர்ந்திருக்கிறது.